டோரிஸும் வகை தெரியாத கல்லும்

டோரிஸ் மரியநாதனுக்கு மூக்கு கூர்மை. எந்தப் புட்டியைக் கொடுத்தாலும் மூடியைத் திறந்து, கையால் லேசாக விசிறி, காற்றை மூக்குப் பக்கம் கொண்டுவந்து, உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லிவிடுவாள். சிங்கப்பூரில் கல்லூரிக்குப் போய் வேதியியல் படித்தவள். ஜோகூர் பாருவில் கான்வென்ட் பள்ளி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். ஜப்பான்காரர்கள் வந்தார்கள், பள்ளியைப் பூட்டினார்கள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெக்கான் நானாஸில் இருந்த அப்பா வீட்டுக்கே திரும்பினாள்.

அப்பா மரியநாதன் அங்கே அன்னாசி டின் ஃபேக்டரியில் பழைய கிராணி. வெள்ளைக்காரன் காலத்தில் கணக்கெழுதிய அதே நாற்காலியில்தான் இப்போதும் உட்கார்ந்திருந்தார். ஆனால் ஃபேக்டரியில் டின் அடைப்பது நின்றுபோயிருந்தது. பெட்ரோல் தட்டுப்பாடு. அதனால் அன்னாசிச் சாற்றைப் புளிக்கவைத்துக் காய்ச்சி, லாரிக்கு ஊற்றுகிற சாராயமாக இறக்கினார்கள். பட்டாளத்து லாரிகள் கள்ளுக்கடையிலிருந்து வீடு திரும்புகிறவர்களைப் போல மணத்துக்கொண்டு பொந்தியான் சாலையில் போய்வந்தன.

இதை நடத்த ஜப்பானிலிருந்து நொமுரா என்ற ரசாயன நிபுணர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி, சத்தம் போடத் தெரியாது. வெள்ளைக்காரன் விட்டுப்போன ஆய்வறை அவர் கைக்கு வந்தது. அலமாரி நிறையப் புட்டிகள். ஆனால் லேபிள்களில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. எது அமிலம், எது காரம் என்று தெரியாமல் நொமுரா அலமாரியைப் பார்த்தபடி நிற்பதைக் கண்ட மரியநாதன், மகளைக் கொண்டுபோய் எதிரே நிறுத்தினார். டோரிஸ் ஒவ்வொரு புட்டியாகத் திறந்து, மோந்து, பெயர் சொல்லிக்கொண்டே போனாள். மணமில்லாதவற்றை ஓரமாக ஒதுக்கி, சோதித்துச் சொல்கிறேன் என்றாள். அன்றைக்கே ஒரு வெள்ளைக் கோட்டும் வேலையும் கிடைத்தன.

கல் விழுந்தது 1943ஆம் வருடம், ஆடி மாதம், நல்ல வெயிலில். முற்பகல் வேளை. வானத்தில் ஏதோ கிழிந்தது போல ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து பீரங்கி முழங்கியது போல மூன்று நான்கு வெடி. ஃபேக்டரியில் இருந்தவர்கள் எல்லாரும் பழக்கப்பட்ட மாதிரி மேசைக்கு அடியில் போனார்கள். நெடுநேரம் காத்திருந்தும் விமானம் எதுவும் வரவில்லை. ஒவ்வொருவராக எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பேச்சியம்மாள் கோணிப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆய்வறை வாசலில் வந்து நின்றாள்.

அன்னாசித் தோட்டத்தில் களை எடுக்கிறவள் பேச்சியம்மாள். வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் எல்லாரும் அவளுக்கு ஆஸ்பத்திரி நர்ஸ்தான். ஆகவே டோரிஸும் அவளுக்கு மிஸி.

"மிஸி, எங்க மரவள்ளித் தோட்டத்துல குண்டு ஒன்னு விழுந்துச்சு. வெடிக்கல. கொண்டாந்துட்டேன்" என்றாள்.

அப்போதுதான் எழுந்திருந்த மரியநாதன் மறுபடியும் மேசைக்கு அடியில் போனார். அங்கிருந்தபடியே, "குண்டையா தூக்கிட்டு வந்தே?" என்றார்.

"வெடிக்கலன்னுதானே சொல்றேன், கிராணி ஐயா. அங்கேயே போட்டுட்டு வந்தா ஆடு மாடு மிதிக்கும். கையில தொட்டா சூடுகூட இல்ல."

கோணியைப் பிரித்தார்கள். தேங்காயைவிடப் பெரிதாக ஒரு கறுப்புக் கட்டி. பக்கத்தில் அதிலிருந்து உடைந்த துண்டுகள். மேலே மெல்லிய பொருக்கு, தோசைக்கல்லில் கருகிப்போன மாதிரி. உடைந்த இடத்திலும் கறுப்புதான், ஆனால் பளபளப்பில்லாத கறுப்பு. அதில் மணல்மணலாக வெள்ளைப் புள்ளிகள். டோரிஸ் ஒரு துண்டைக் கையில் எடுத்தாள். அந்தப் பருமனுக்கு இருக்கவேண்டிய கனம் இல்லை. மூக்கருகே கொண்டுபோனாள்.

தார். கொஞ்சம் கந்தகம். அதற்கும் பின்னால் வேறு ஏதோ ஒன்று. அது என்னவென்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் வாழ்க்கையில் மூக்குக்குப் பிடிபடாத முதல் சரக்கு அது.

நொமுரா வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "இன்செகி" என்றார். பிறகு அவளோடு பேசும் ஆங்கிலத்துக்கு மாறி, "வானத்துக் கல். படிக்கிற காலத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவை இப்படி இல்லை" என்றார்.

டோரிஸிடம் கல்லூரிப் புத்தகம் ஒன்று இருந்தது. அதன்படி வானத்திலிருந்து விழுபவை மூன்றே வகை. முழுக்க இரும்பு ஒன்று, கல் ஒன்று, இரண்டும் கலந்தது ஒன்று. இது இரும்பில்லை, காந்தத்தைக் காட்டினால் பொடி மட்டும் சோம்பலாக ஒட்டியது. கல் என்று சொல்லலாம் என்றால், கல்லுக்கு ஏது தார் மணம்? அடுப்புக்கரி என்றால் வானத்தில் அடுப்பு வைத்தது யார்? புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தாள். "நாமே பார்க்கலாமா?" என்றாள். அவர் அதற்குள் கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த நாட்கள், ஊரில் அரிசி இல்லாத அந்தக் காலத்தில், டோரிஸுக்கு விருந்து நாட்கள். காலையில் சாராயத்தின் வீரியத்தைச் சோதித்து முடித்தால் மீதி நேரமெல்லாம் கல்தான். ஒரு சிட்டிகைப் பொடியைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, அடியில் விளக்கைக் காட்டினாள். குழாயின் மேல்பக்கத்தில் பனி படிந்தது போல நீர்த்துளிகள். துடைத்துவிட்டு வேறு குழாயில், பொடியை நன்றாக உலர்த்திச் செய்துபார்த்தாள். மறுபடியும் நீர். நெருப்பாக எரிந்துகொண்டு விழுந்த கல்லின் வயிற்றுக்குள் தண்ணீர். இன்னும் சூடேற்றினால் பழுப்பு எண்ணெய் ஒன்று துளித்துளியாகச் சுவரில் வழிந்தது. அமிலம் விட்டால் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பியது. நொமுரா ஜன்னலைத் திறந்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மரியநாதன் அலுவலகத்திலிருந்து எட்டிப்பார்த்து, "அரிசிதான் இல்ல, முட்டையையும் ஏம்மா கெட்டுப்போக விட்டே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வினை வந்தது சாராயம் ஏற்றிப்போக வந்த ராணுவ அதிகாரி ஒருவர் உருவத்தில். பொந்தியானில் இருந்த முகாமுக்கு அவர்தான் பொறுப்பு. ஆய்வறைக்குள் நுழைந்தவர் கறுப்புக் கட்டியைப் பார்த்தார், குழாயில் வழிந்த எண்ணெயைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "செக்கித்தான்" என்றார். நொமுரா இல்லையென்று தலையசைத்து ஏதோ சொன்னார். அதிகாரி காது கொடுக்கவில்லை. எங்கே கிடைத்தது என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு, பூட்ஸ் ஒலிக்க வெளியே போனார்.

மறுநாள் பேச்சியம்மாள் ஓடிவந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"அலமாக், மிஸி, அந்த ஆபீசர் எங்க தோட்டத்துல நின்னுக்கிட்டு சைத்தான் சைத்தான்னு கத்துறான். எங்க மண்ணுக்கடியில சைத்தான் இருக்குதாம் லா. தோண்டி எடுக்கணுமாம்."

டோரிஸுக்குச் சிரிப்பு வந்தது. "சைத்தான் இல்ல அக்கா. செக்கித்தான். அவங்க பாஷையில நிலக்கரி."

"எதுவா இருந்தா என்ன? சங்கோல் பிடிக்கிற ஆம்பளைங்க பேரெல்லாம் எழுதிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் செல்லப்பன் பேருதான் மொதப் பேரு."

டோரிஸின் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்து ஊர்களான ரெங்கத்திலும் கூலாயிலும் இருந்து, கொஞ்ச நாள் வேலை என்று சொல்லி லாரியில் ஏற்றிப்போன ஆட்கள் சயாமுக்கு ரயில்பாதை போடப் போனது ஊருக்கே தெரியும். திரும்பி வந்தவர்கள் யாரும் இல்லை. சங்கோல் என்ற மண்வெட்டியோடு ஒரு கூட்டத்தை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால், தோண்டுகிற வேலை முடிந்ததும் அந்தக் கூட்டம் எங்கே போகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே தோண்டினால் கரி கிடைக்காது என்றும் சொல்லிவிட முடியாது. அந்த வட்டாரத்து மண்ணே கரிமண். காட்டு மரமும் இலையும் காலங்காலமாக ஊறி மக்கிப்போன கறுப்பு மண். காய்ந்தால் தீப்பிடிக்கும். தோண்டத் தோண்டக் கறுப்பாக வரும். இன்னும் கொஞ்சம் தோண்டு என்பார்கள்.

"நீங்க வீட்டுக்குப் போங்க அக்கா. நான் பேசிப் பார்க்கிறேன்" என்றாள். யாரிடம், என்னத்தைப் பேசுவது என்று தெரியாமலேதான் சொன்னாள்.

நொமுரா மேசையில் கையூன்றி உட்கார்ந்திருந்தார். "நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், மிஸ் டோரிஸ். நிரூபி என்கிறார். சூடேற்றினால் தார் வருகிறது. நிலக்கரியிலும் வரும். கரிமண்ணிலும் வரும். வேறென்னத்தைக் காட்டுவது? நான் சொல்லி அது தவறென்று ஆகிவிட்டால், என்னையும் சங்கோல் பிடிக்கச் சொல்வார்."

கல்லைத் தூக்கிப் புளிக்கும் தொட்டியில் போட்டுவிடலாமா என்றுகூட டோரிஸ் நினைத்தாள். ஆனால் கல் காணாமற்போனால் ஒளித்துவைத்தார்கள் என்றுதான் ஆகும். பொய் உதவாது. மண்ணில் இல்லாத ஏதோ ஒன்று இந்தக் கல்லில் இருந்தாக வேண்டும். விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தவள், தட்டுவதை நிறுத்தினாள்.

"வானத்து இரும்பில் நிக்கல் இருக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது."

"இதில் இரும்பே கண்ணுக்குத் தெரியவில்லையே."

"கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்."

நிக்கலைக் காட்டிக்கொடுக்கும் மருந்து அந்த ஆய்வறையிலேயே இருந்தது. பழரசம் காய்ச்சும் பாத்திரத்திலிருந்து நிக்கல் கரைந்து ரசத்தில் சேர்கிறதா என்று பார்க்க வெள்ளைக்காரன் வாங்கிவைத்தது. லேபிளில் கடைசி நாலு எழுத்து மட்டும் மிச்சம்; டோரிஸ் சோதித்துக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். நிக்கல் இருந்தால், அம்மோனியா பட்டதும் அந்த மருந்து சிவப்பாகும். அம்மோனியா ரப்பர் எஸ்டேட்டில் ரப்பர் பாலை உறையாமல் வைக்கப் பயன்படுத்துவது. பக்கத்து எஸ்டேட்டில் வாங்கிக்கொண்டார்கள். சிக்கல் இரும்பில்தான் இருந்தது. கரைசலில் இருக்கும் இரும்பு, அம்மோனியா பட்டதும் பழுப்புச் சேறாக இறங்கி எல்லாவற்றையும் மறைத்துவிடும். அதைத் தடுக்கச் சிட்ரிக் அமிலம் வேண்டும். அன்னாசி ஃபேக்டரியில் அதற்கா பஞ்சம்? இன்னொரு தொல்லை, அரைகுறையாகக் கரைந்த இரும்பு தானும் சிவப்பு காட்டி ஏமாற்றும். அதனால் நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டு நன்றாகக் கொதிக்கவைத்தாள்.

ஒப்பிட்டுக் காட்ட நிஜ நிலக்கரி வேண்டுமே என்று நொமுரா கூலாய் ரயில் நிலையத்துக்குச் சொல்லியனுப்பினார். என்ஜினுக்கு வைத்திருந்த கரியில் ஒரு கட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டு, சைக்கிளை மிதித்து வந்து சேர்ந்தார் யூஜின் என்ற ரயில்வே கிராணி. கட்டியைக் கொடுத்த பிறகும் அவர் உடனே கிளம்பவில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்க வேண்டும் என்றார். டோரிஸைப் பிற்பாடு கல்யாணம் கட்டிக்கொண்டவர் அவர்தான். அந்தக் கதையைச் சொன்னால் இந்தக் கதை நகராது.

நேரம் போதவில்லை. முன்கூட்டி ஒரு தரம் செய்துபார்ப்பதற்குள் லாரிச் சத்தம் கேட்டது. அதிகாரி வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் இரண்டு சிப்பாய்கள். வாசலுக்கு வெளியே செல்லப்பனும் மற்ற ஆட்களும் சங்கோலோடு வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தார்கள். பேச்சியம்மாள் தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். மரியநாதனும் அலுவலகத்திலிருந்து எழுந்து உள்ளே வந்து நின்றார்.

டோரிஸ் மூன்று வட்டமான வெள்ளை வடிதாள்களை மேசையில் பரப்பினாள். முதல் தாளில் தோட்டத்துக் கரிமண்ணின் கரைசலில் ஒரு சொட்டு. அதன்மேல் மருந்து ஒரு சொட்டு. தாளை இடுக்கியால் தூக்கி அம்மோனியாப் புட்டியின் வாயில் பிடித்தாள். மங்கலான மஞ்சள் கறை. வேறொன்றும் இல்லை. இரண்டாவது தாளில் ரயில் கரி. அதிலும் ஒன்றுமில்லை. மூன்றாவது தாளை எடுத்தாள். இதுவும் மஞ்சளாகவே நின்றால்? நிக்கல் இல்லையென்றால் கதை முடிந்தது. செல்லப்பனை அனுப்பிவைத்தவள் என்று காலமெல்லாம் தன்னைத்தானே சொல்லிக்கொள்ள வேண்டும். கல்லின் கரைசல் ஒரு சொட்டு, மருந்து ஒரு சொட்டு. புட்டியின் வாயில் பிடித்தாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு நடுவில் ரோஜா நிறத்தில் ஒரு சாயல். அது பரவிப் பரவி, ஓரம் கூர்ந்து, தாளின் நடுமத்தியில் செக்கச்செவேலென்று ஒரு வட்டமாக நின்றது.

வெள்ளைத் தாள். நடுவே சிவப்பு வட்டம்.

ஒரு வருடத்துக்கு மேலாகக் காலைதோறும் ஜப்பான் கொடிக்கு முன்னால் குனிந்து குனிந்து பழகியிருந்த மரியநாதன்தான் முதலில் அசைந்தார். யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை; இடுப்பு தானாக வளைந்தது. அவர் குனிந்ததைப் பார்த்து வாசலில் நின்ற செல்லப்பன் குனிந்தார். செல்லப்பனைப் பார்த்து வரிசை முழுக்கக் குனிந்தது. சிப்பாய்கள் இருவரும் விறைத்து நின்றார்கள். எல்லாரும் இப்படி நிற்கும்போது தான் மட்டும் சும்மா நிற்க அதிகாரியால் முடியவில்லை. காலைச் சேர்த்து, தாளுக்கு ஒரு சல்யூட் வைத்தார். தாளை இடுக்கியால் பிடித்திருந்த டோரிஸ் கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். நொமுரா ஜன்னல் பக்கம் திரும்பி நெடுநேரம் வெளியே பார்த்தார்.

பிறகு நொமுரா கல்லில் ஒரு துண்டையும் ரயில் கரியில் ஒரு துண்டையும் கொதிகலன் அடுப்பில் போட்டுக்காட்டினார். கரி எரிந்து சாம்பலானது. கல் எரியவில்லை, துருப்பிடித்த நிறத்தில் கல்லாகவே கிடந்தது.

அதிகாரி மெதுவாக ஏதோ கேட்டார். நொமுரா டோரிஸிடம் மொழிபெயர்த்தார். "நிக்கல் யுத்தத்துக்குத் தேவையான உலோகமாம். அது எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கிறார்."

ஒரு பள்ளத்திலிருந்து ஏறி இன்னொன்றில் விழுந்துவிட்டோமே என்று டோரிஸ் நினைத்தாள். "ஒரு கல்லுக்கு ஒரு சிட்டிகை தேறும். சுரங்கம் மேலே இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றாள்.

நொமுரா அதை எப்படிச் சொன்னாரோ தெரியவில்லை. அதிகாரி கூரையை அண்ணாந்து பார்த்தார். சற்று நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெளியே போய், சங்கோல்களை லாரியில் ஏற்றச் சொன்னார். ஆட்களை ஏற்றச் சொல்லவில்லை. பேச்சியம்மாள் தூணைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். செல்லப்பன் அவளிடம் போய், "எந்திரி. மரவள்ளிக்குத் தண்ணி ஊத்தணும்" என்றார்.

கல்லின் பெரிய பாகத்தை அதிகாரி சியோனானுக்கு அனுப்பிவைத்தார். சிங்கப்பூருக்கு அப்போது அதுதான் பெயர். திறந்த லாரி. வழியில் மழை. தண்ணீர் பட்டால் இந்தக் கல் உதிர்ந்து சேறாகும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. போய்ச் சேர்ந்தது ஒரு பெட்டிக் கறுப்புக் குழம்புதான் என்று பிற்பாடு நொமுராவுக்குச் செய்தி வந்தது. உடைந்த துண்டுகளை டோரிஸ் உலர்த்தி, கண்ணாடி ஜாடியில் போட்டு, மூடியை மெழுகால் அடைத்து வைத்திருந்தாள்.

அமிலம் தீரும்வரை இருவரும் அதைச் சோதித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நிக்கல் உண்டு. கந்தகம் உண்டு. கரி உண்டு, ஆனால் எந்த மரத்தின் கரியும் இல்லை. நீர் உண்டு. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும் எந்த வகைக்குள்ளும் அது அடங்கவில்லை. நல்ல நாட்கள்தான். ஆனால் வீட்டுக்கு நடந்துபோகும்போது டோரிஸுக்கு மனம் ஒருநிலையில் இருக்காது. சயாமுக்குப் போனவர்களைப் பற்றி நொமுரா ஒருநாளும் பேசியதில்லை, அவளும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டுமா என்பது அவளுக்குக் கடைசிவரை தெளியவில்லை. சண்டை முடிந்ததும் அவரைக் கைதிகளோடு லாரியில் ஏற்றினார்கள். ஏறுமுன் அவளைப் பார்த்து, "மிஸ் டோரிஸ், வெள்ளைப் புள்ளிகள்" என்று மட்டும் சொன்னார். அவற்றைத் தனியாகப் பிரித்துப் பார்க்க இருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

ஜோகூர் பாருவில் பள்ளி திறந்தது. டோரிஸும் ஜாடியோடு அங்கே போனாள். வெள்ளைக்கார நிலவியல் நிபுணர் ஒருவர் ஊருக்கு வந்தபோது அதைக் காட்டினாள். அவர் பூதக்கண்ணாடியால் துருவித் துருவிப் பார்த்துவிட்டு, எந்த வகையிலும் சேர்க்கத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஒரு துண்டை வாங்கிக்கொண்டு போனார். அவருக்கும் தெரியவில்லை என்பதில் டோரிஸுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

கல்யாணமான பிறகு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், யூஜின் பேப்பர் படிப்பார். டோரிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, தையலூசியால் கறுப்புத் துண்டிலிருந்து வெள்ளைப் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பாள். சோதிக்கிற அளவுக்குச் சேர மாதக்கணக்கானது. ஒருநாள் பள்ளி ஆய்வறையில் அதைக் கரைத்துப் பார்த்தாள். இரும்பும் இல்லை, நிக்கலும் இல்லை. சுண்ணாம்புச் சத்தும் அலுமினியமும்தான். கறுப்புக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. யாரோ வேறெங்கேயோ செய்து, இதற்குள் கொண்டுவந்து அப்பிவிட்ட மாதிரி இருந்தது.

பெக்கான் நானாஸுக்குப் போனபோது பேச்சியம்மாளிடம் இதைச் சொன்னாள். பேச்சியம்மாள் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அது என்ன கல்லுன்னு தெரிஞ்சிருச்சா, மிஸி?"

"இல்ல அக்கா. முன்னயாவது ஒன்னுதான் தெரியல. இப்ப ரெண்டு தெரியல."

"நல்லாப் படிச்சீங்க போங்க" என்றாள் பேச்சியம்மாள், உரித்த கிழங்கை டோரிஸின் மடியில் வைத்தபடி.